ஊசியை வைப்பதற்கு முன்னால்

எங்கள் நைனா ரிக்கார்டில் ஊசியை வைப்பதற்கு முன்னால் மைக்கை எடுத்து இரண்டு தட்டுத் தட்டுவார். படத்தின் பேர், பாடினவர் பேர், எழுதினவர் பேர், இசையமைத்தவர் பேர். நாலையும் சொல்லி முடித்த பிறகுதான் பாட்டு. ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் காதுகுத்து என்றாலும் அப்படித்தான், வேலூர் டவுனுக்குள் பெரிய இடத்துக் கல்யாணம் என்றாலும் அப்படித்தான். "இத்தயெல்லாம் எவன் நைனா கேக்கறான்?" என்று சின்ன வயசில் சலித்துக்கொள்வேன். "பாடினவன் கேப்பான்" என்பார்.

காகிதப்பட்டறையில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. ஆரம்பத்தில் இரண்டு குழாய், ஒரு அகூஜா ஆம்ப்ளிஃபயர், ஒரு ரிக்கார்டு பிளேயர், ஒரு பேட்டரி. எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊசூர், அணைக்கட்டு, பள்ளிகொண்டா என்று போய்வருவார். இன்றைக்கு என்னிடம் பதினெட்டு இஞ்சு பேஸ் பெட்டி எட்டு, டாப் எட்டு, டிஜிட்டல் மிக்சர், ஒரு டாட்டா ஏஸ் வண்டி இருக்கின்றன. தொழில் அதேதான். பெட்டிகளை இறக்கு, கட்டு, பாட்டைப் போடு, விடிவதற்குள் அவிழ்த்து ஏற்று.

இந்தப் பதிவு ஆல்டன் எல்லிஸ் என்கிற ஜமைக்கா பாடகரைப் பற்றியது. ரொம்ப நாளாக எழுத நினைத்தது.

2004 என்று நினைவு. காட்பாடிப் பக்கம் ஒரு காலேஜ் விழாவுக்கு சவுண்டு கட்டியிருந்தோம். பசங்க ஒரு சிடியைக் கொடுத்து, "அண்ணா, ஏழாவது பாட்டு" என்றார்கள். போட்டேன். ஷான் பால் என்கிற ஜமைக்கா பாடகரின் பாட்டு, கூட ஒரு பெண் பாடுகிறாள். கூட்டம் ஆட ஆரம்பித்தது. நான் பேஸ் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என்னை நிறுத்தியது அந்தப் பெண் பாடுகிற மெட்டு. மேலே நடக்கிற ஆர்ப்பாட்டத்துக்கும் அந்த மெட்டுக்கும் வயசு ஒத்துப்போகவில்லை. புதுச் சுவருக்குள் பழைய வீட்டுத் தூண் நிற்கிறதைப் பார்த்த மாதிரி இருந்தது. இந்த மெட்டு இப்போது போட்டது இல்லை என்று மட்டும் தெரிந்தது. "இது யாரோட மெட்டுப்பா?" என்று கேட்டேன். "ஷான் பால்ணா" என்றான் ஒருவன். அது பதில் இல்லை என்று எனக்குப் பட்டது, ஆனால் மேலே யாரைக் கேட்பது?

பதில் கிடைக்கப் பன்னிரண்டு வருஷம் ஆனது. கையில் ஸ்மார்ட்போன் வந்து, அக்கா பையன் யூடியூபில் தேடக் கற்றுக்கொடுத்து, ஒரு ராத்திரி கடைக்குள் ஹெட்போனில் அது அகப்பட்டது. 1967இல் கிங்ஸ்டன் நகரத்தில் பதிவான பாட்டு, "ஐ ஆம் ஸ்டில் இன் லவ் வித் யூ". எழுதிப் பாடினவர் ஆல்டன் எல்லிஸ். அன்றைக்கு விடியற்காலம் வரை அவர் பாட்டையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நம் ஊரில் ரெக்கே என்கிற ஜமைக்கா இசை என்றால் பாப் மார்லி படம் போட்ட டி-ஷர்ட்டோடு முடிந்துவிடுகிறது. லாங் பஜாரில் அதைத் தொங்கவிட்டிருக்கிறவருக்கும் போட்டுக்கொண்டு போகிற பையனுக்கும் அந்த முகம் தெரியும், பாட்டு தெரியாது. மார்லி வளர்ந்த டிரெஞ்ச்டவுனில்தான் ஆல்டனும் பிறந்தார், 1938 செப்டம்பர் 1. கிங்ஸ்டனின் ஏழைப் பேட்டை அது. வீட்டில் எல்லோரும் இசைக்காரர்கள். தங்கை ஹார்டென்ஸ் எல்லிஸ் பிற்பாடு தானே பெரிய பாடகியாக வந்தவர். ஆல்டன் முதலில் மேடை ஏறியது ஆடுவதற்கு. வீர் ஜான்ஸ் என்பவர் நடத்திய திறமைப் போட்டியில் ஆடி ஜெயித்திருக்கிறார். பாட்டு அப்புறம்தான் வந்தது. ஆட்டக்காரராக ஆரம்பித்தவர் என்பது அவர் பாட்டில் தெரிகிறது என்பேன். எந்த இடத்தில் கால் விழும் என்று தெரிந்துகொண்டு சொல்லை வைக்கிற ஆள்.

கொஞ்சம் எங்கள் தொழிலைப் பற்றிப் பேசவேண்டும். ஏனென்றால் ஜமைக்கா இசையைப் பெற்றெடுத்ததே மைக் செட்காரர்கள்தான். அங்கே அதற்குப் பேர் சவுண்ட் சிஸ்டம். பேண்டு வைத்து நடக்கிற டான்சுக்குப் போக ஏழைகளிடம் காசு இல்லை. பீரோ உயரத்துக்குப் பெட்டி செய்து, லாரியில் ஏற்றி, ஒரு திறந்த மனையில் இறக்கி, அமெரிக்க ரிக்கார்டுகளைப் போட்டு, பக்கத்திலேயே சாராயமும் விற்றார்கள். 1950களில் இதில் இரண்டு பெரிய கைகள். ஒருவர் கிளமென்ட் காக்சோன் டாட். இன்னொருவர் டியூக் ரீட், முன்னாள் போலீஸ்காரர், இடுப்பில் துப்பாக்கியோடு டான்சுக்கு வருகிறவர். இவர்கள் இரண்டு பேருக்கும் நடந்த போட்டியைப் படித்தபோது எங்கள் ஆட்களே நினைவுக்கு வந்தார்கள். ஒரே திருவிழாவில் இரண்டு செட் எதிரும் புதிருமாகக் கட்டிவிட்டால் நடக்கிற கூத்து எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு வலித்தது. நல்ல ரிக்கார்டு கிடைத்தால் அதன் நடுவில் ஒட்டியிருக்கிற லேபிளை அவர்கள் சுரண்டிவிடுவார்களாம். எந்தப் பாட்டு, யார் பாடினது என்று எதிர் செட்காரனுக்குத் தெரியக்கூடாது. டாட் தன் செட்டின் அடையாளப் பாட்டாக ஒன்றை வைத்திருந்தார், அதற்குத் தன் பேரையே வைத்து 'காக்சோன் ஹாப்' என்று போட்டார். உண்மையில் அது வில்லிஸ் ஜாக்சன் என்கிற அமெரிக்க சாக்ஸபோன்காரருடைய ரிக்கார்டு. அந்த ரகசியத்தை டியூக் ரீட் கண்டுபிடித்து, தானும் அதே பாட்டைப் போட்டு உடைத்தார்.

நாலு பேரையும் சொல்லாமல் ஊசியை வைக்காத நைனாவுக்கு இதைச் சொன்னேன். அவருக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது, முட்டி போய்த் திண்ணையோடு இருந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "லேபிள சொரண்டினா ரிக்கார்டுமேல ஊசிக்குத் தூசு போவும்பா" என்றார்.

அமெரிக்காவிலிருந்து வருகிற ரிக்கார்டுகளின் போக்கு மாறியபோது, செட்காரர்கள் உள்ளூர் ஆட்களை வைத்துத் தாங்களே ரிக்கார்டு போட ஆரம்பித்தார்கள். அப்படித்தான் 1959இல் டாட் தயாரிப்பில் ஆல்டனும் அவர் கூட்டாளி எடி பெர்கின்ஸும் 'மியூரியல்' பாடினார்கள். நன்றாக ஓடியது. ஆனால் எடி அமெரிக்காவுக்குப் போய்விட்டார். ஜோடி போனதும் ஆல்டன் பிரஸ் வேலைக்குப் போனார். அச்சகத் தொழிலாளி. அந்த வேலையும் போன பிறகுதான் மறுபடி பாட்டுக்கு வந்தார். ஜான் ஹோல்ட் என்கிற பாடகரோடு கொஞ்ச நாள் சேர்ந்து பாடினார். ஹோல்ட் வேறு குழுவுக்குப் போனதும் 'தி ஃபிளேம்ஸ்' என்று சொந்தக் குழு வைத்தார். இந்தமுறை டியூக் ரீடிடம்.

ரீடின் ஸ்டூடியோ பாண்ட் தெருவில் அவருடைய சாராயக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மரத்தால் கட்டின அறை. 'டிரெஷர் ஐல்' என்று பேர். அங்கே பதிவான எதையாவது நல்ல பெட்டியில் போட்டுக் கேளுங்கள். பேஸ் சுவரில் மோதித் திரும்புகிற சத்தமே இல்லை, தரையிலிருந்து எழும்புகிற மாதிரி இருக்கும். சிமெண்ட் மண்டபங்களில் கல்யாணத்துக்கு சவுண்டு கட்டி எதிரொலியோடு மல்லுக்கட்டுகிற எனக்கு அந்த மர அறையின் மேல் பொறாமையே உண்டு.

அங்கே அவர் பாடின 'டான்ஸ் கிராஷர்' பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. டான்ஸ் நடக்கிற இடத்தில் கத்தியோடு வந்து கலாட்டா பண்ணி நிகழ்ச்சியைக் கலைக்கிற ரவுடிப் பசங்களைப் பார்த்து, வேண்டாம்பா என்று கேட்டுக்கொள்கிற பாட்டு. அந்தப் பசங்களுக்கு அங்கே ரூட் பாய் என்று பேர், மற்றவர்கள் அவர்களைப் புகழ்ந்து பாடிக்கொண்டிருந்த காலம். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராமத் திருவிழாவில், ராத்திரி இரண்டு மணிக்கு, ஒரு பாட்டைத் திரும்பப் போடவில்லை என்று ஆரம்பித்த சண்டையில் என் மிக்சர் போனது, ஒரு டாப் பெட்டி போனது, என் ஆள் ஒருவனுக்கு மண்டையில் நாலு தையல். அந்தக் கமிட்டி இன்றுவரை பில்லையும் கொடுக்கவில்லை. ஊர்ப் பேர் வேண்டாம். அதனால் அந்தப் பாட்டை நான் சாதாரணமாகக் கேட்க முடியாது.

இனி ராக்ஸ்டெடி, ஸ்காவுக்கும் ரெக்கேவுக்கும் நடுவில் வந்த இசை. ஜமைக்காவுக்கு 1962 ஆகஸ்டில் சுதந்திரம் வந்தபோது அங்கே ஓடிக்கொண்டிருந்தது ஸ்கா. வேகமான இசை. பேஸ் நாலு அடியும் நிற்காமல் நடக்கும், கிட்டாரும் பியானோவும் அரை இடம் தள்ளித் தள்ளி வெட்டும், பின்னால் ஊதுகருவிகள். 1966இல் திடீரென்று எல்லாம் பாதி வேகத்துக்கு இறங்கியது போல ஆகிவிட்டது. பேஸ் நடப்பதை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தது. நாலு சொல் சொல்லும், நிற்கும், மறுபடி நாலு சொல். லின் டெயிட் என்கிற டிரினிடாட் கிட்டார்காரர் அதே வரியைக் கிட்டாரில் கூடவே மீட்டுவார். ஊதுகருவிகள் பின்னுக்குப் போயின. நடுவில் ஒரு பெரிய காலி இடம் கிடைத்தது, அந்த இடத்தில் பாடகன் வந்து நின்றான். அந்த இடத்துக்கென்றே பிறந்த குரல் ஆல்டனுடையது.

ஏன் வேகம் குறைந்தது என்பதற்கு இரண்டு கதை சொல்வார்கள். ஒன்று வெயில். 1966 கோடையில் கிங்ஸ்டனில் தாங்கமுடியாத வெக்கை, ஸ்காவுக்கு ஆட முடியாமல் ஜனங்கள் மெதுவான பாட்டாகக் கேட்டார்கள் என்று. வேலூர்க்காரனுக்கு இதை யாரும் விளக்கவேண்டாம். கத்திரி வெயிலில், நாற்பது டிகிரியைத் தாண்டி, கோட்டைச் சுவரே அனல் அடிக்கிற மே மாசத்தில் எத்தனை கல்யாணம் பார்த்திருக்கிறேன். நைனாவுக்கு ஒரு கணக்கு உண்டு. காலையில் பக்தி, பத்து மணிக்குக் கொஞ்சம் வேகம், பந்தி நடக்கிற உச்சிப் பொழுதில் பி. பி. ஸ்ரீனிவாஸ் மட்டும்தான். "வேவுற நேரத்துல ஜனங்க காதுல வெயில ஊத்தக்கூடாது" என்பார்.

இரண்டாவது கதை ஆல்டனே சொன்னது. 'கேர்ள் ஐவ் காட் எ டேட்' பதிவுக்கு பேஸ் வாசிக்கிறவர் வரவில்லையாம். பியானோக்காரர் ஜாக்கி மிட்டூ இடது கையால் பேஸ் வரியையும் சேர்த்து வாசிக்க வேண்டியிருந்தது. அந்த வேகத்தில் இரண்டு கையும் ஓடாது, குறைத்தார்கள். எனக்கு இந்தக் கதைதான் அதிகம் பிடித்திருக்கிறது. தவில்காரர் பஸ்ஸைத் தவறவிட்ட கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் எப்படி வாசிப்பை மாற்றிக்கொள்வார் என்று பார்த்தவன் நான். முதல் ராக்ஸ்டெடிப் பாட்டு எது என்பதில் அங்கே சண்டையே உண்டு. ஹோப்டன் லூயிஸ், டெரிக் மார்கன், ராய் ஷர்லி என்று ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். ஆனால் அந்தப் பேரையே பாட்டில் வைத்துப் பாடி, இசைக்கு நாமகரணம் பண்ணினது ஆல்டன்தான், 'ராக் ஸ்டெடி' பாட்டில்.

அந்த இசையின் காலம் மொத்தமே இரண்டு வருஷம். 1968இல் ரெக்கே வந்துவிட்டது. இரண்டே வருஷத்தில் இவ்வளவு நல்ல பாட்டுகள் ஒரு சின்னத் தீவிலிருந்து எப்படி வந்தன என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அவர் குரலை எப்படிச் சொல்வது? கெஞ்சுகிற குரல். ஆனால் கெஞ்சுவதற்குக் கூச்சப்படாத ஆண்பிள்ளையின் குரல். மேலே போகும்போது உடையப்போகிறது என்று நினைப்போம், உடையாது, கொஞ்சம் நடுங்கிவிட்டு நிற்கும். நைனாவுக்கு ஹெட்போனை மாட்டி "ஐ ஆம் ஸ்டில் இன் லவ்" போட்டுவிட்டேன். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது அவருக்கு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றாமலே, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்: "பேஸு வாசிக்கிறவன் எடம் உட்டு வாசிக்கறான்டா. இவன் அந்த எடத்துல போயி அழுவறான். கத்தாம அழுவறான். நம்ம பி.பி.எஸ் மாதிரி." அப்புறம், "பேரு இன்னா சொன்ன?" இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அந்த ஒரு பாட்டு எங்கெல்லாம் போனது பாருங்கள். அங்கே ஒரு பழக்கம், பாட்டின் பின்னணி வாசிப்பைத் தனியாக எடுத்து, அதன்மேல் வேறு ஆள் வேறு பாட்டுப் பாடுவார்கள். அந்த வாசிப்புக்கு 'ரிடிம்' என்று பேர். ஐயப்பன் சீசனில் சினிமா மெட்டில் சரணப் பாட்டு வருகிறதே, அதைவிட ஒரு படி மேலே. 1970களில் மார்சியா ஐட்கன் என்ற பெண் ஆல்டன் பாட்டைத் திரும்பப் பாடினார். அந்த ரிடிம்மீது டிரினிட்டி என்பவர் தன் கோட்டு சூட்டைப் பற்றி அளந்துவிட்டார். அதற்கு எதிர்ப்பாட்டாக ஆல்தியா, டோனா என்று பதினேழு, பதினெட்டு வயசுப் பெண்கள் இரண்டு பேர் 'அப்டவுன் டாப் ராங்கிங்' பாடினார்கள். 1978 பிப்ரவரியில் இங்கிலாந்தில் அது முதலிடம். பிறகு 2002இல் ஷான் பாலும் சாஷாவும் பாடி ஆல்பத்தில் வந்தது. அதுதான் காட்பாடி வரைக்கும் வந்து என் பேஸ் பெட்டியில் இடித்தது. 'மேட் மேட்' என்ற இன்னொரு பாட்டின் வாசிப்பும் இப்படித்தான், 1982இல் எல்லோமேன் அதன்மேல் பாடி, அங்கிருந்து அமெரிக்க ராப் வரைக்கும் போயிருக்கிறது.

இத்தனை பேர் ஆடினார்களே, எத்தனை பேர் அவர் பேரைக் கேட்டிருப்பார்கள்? ஜமைக்காவில் இந்தக் காலத்துக்கேற்ற காப்பிரைட் சட்டம் வந்தது 1993இல். அதற்கு முன்னால் ஸ்டூடியோவில் பாடினவருக்குப் பாடின அன்றைக்குக் கையில் விழுந்ததுதான் பெரும்பாலும். முதலாளிகளைக் குற்றம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. டாட்டும் ரீடும் இல்லாவிட்டால் ரிக்கார்டே இல்லை. ஆனாலும் லேபிளைச் சுரண்டின கைகள் அவை என்பது மனசில் நிற்கிறது.

ஆல்டன் 1967இல் கென் பூத் என்கிற பாடகரோடு இங்கிலாந்து சுற்றிவந்தார். 1971 வாக்கில் 'லார்ட் டெலிவர் அஸ்' பாடினார், காதல் பாட்டுக்காரர் நாட்டு ஜனங்களின் கஷ்டத்துக்காகக் கடவுளிடம் முறையிடுகிற பாட்டு, எனக்கு அவருடைய மிகப் பெரிய பாட்டு அதுதான். பிறகு கொஞ்ச காலம் கனடா. 1972இல் இங்கிலாந்து போய் அங்கேயே தங்கிவிட்டார். கடைசியில் தானே ஒரு ரிக்கார்டு கம்பெனி வைத்தார், பேர் 'ஆல்டோன்'. அதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. தன் பேரைத் தானே லேபிளில் அச்சடித்துக்கொண்டார். பழைய பிரஸ் தொழிலாளிதானே.

1994இல் ஜமைக்கா அரசு அவருக்கு 'ஆர்டர் ஆஃப் டிஸ்டிங்ஷன்' கொடுத்தது. பிற்பாடு புற்றுநோய். கீமோ எடுத்துக்கொண்டு மறுபடியும் மேடை ஏறிப் பாடியிருக்கிறார். எங்கள் ஊரில் அந்த வைத்தியத்துக்கு வருகிறவர்கள் எந்தெந்த மாநிலத்திலிருந்தோ வந்து லாட்ஜ்களில் தங்கியிருப்பதை தினமும் பார்க்கிறோம். டீக்கடை வரைக்கும் நடந்துவருவதற்கே இரண்டு இடத்தில் நிற்பார்கள். அந்த உடம்போடு அந்த உயரத்துக் குரலை எடுக்க என்ன வேண்டியிருந்திருக்கும்! 2008 அக்டோபர் 10 அன்று லண்டனில் இறந்தார். வயது எழுபது. நான் அவர் பேரைக் கேட்பதற்கு எட்டு வருஷம் முன்னால்.

நைனா 2019இல் போனார். அவர் ரிக்கார்டுகளை நான் விற்கவில்லை.

இந்த வருஷம் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஒரு தெருவில் சவுண்டு கட்டினோம். வைகாசி ஒன்று, வெயில் மண்டையைப் பிளந்தது. முந்தின நாள் பதினொரு மணிக்கு டெஸ்டிங். பேஸ் பெட்டியைச் சோதிக்க நான் வழக்கமாகப் போடுவது ஆல்டன் பாட்டுதான், அந்த பேஸ் சுத்தமாகக் கேட்டால் மற்றதெல்லாம் கேட்கும். மைக்கைத் தட்டிவிட்டு, "பாட்டை எழுதிப் பாடியவர் ஆல்டன் எல்லிஸ், ஜமைக்கா. தயாரிப்பு காக்சோன் டாட்" என்று சொல்லிப் போட்டேன். எதிர்த் திண்ணையில் தறிக்காரர் ஒருவர் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். கமிட்டித் தம்பி ஒருவர் வந்தார்.

"அண்ணே, இன்னா பாட்டு இது, மெதுவா போவுது?"

"ஆல்டன் எல்லிஸ்பா."

"நல்லாத்தான் கீது. அம்மன் பாட்டுப் போடுண்ணே, பெரியவங்க வர்றாங்க."

பாட்டு முடிகிற வரைக்கும் விட்டேன். அப்புறம் மைக்கை எடுத்து, "அடுத்து வருவது எல். ஆர். ஈஸ்வரி" என்று சொல்லிவிட்டு அம்மன் பாட்டைப் போட்டேன்.